104 கிலோ எடைக்கு எத்தனை அடிப் பலகை?

கடலூரிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது 41, சிப்காட்டில் ஷிப்ட் வேலை, உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 104 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பதினொரு வயது மகளை ஞாயிறுதோறும் புதுச்சேரிக்கு அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பயிற்சிக்கு அழைத்துப் போகிறார். கரையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவரிடம் 6 அடி 2 அங்குலப் பழைய பலகை ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கினார். "நூறு கிலோவைத் தாராளமாகத் தாங்கும்" என்று விற்றவர் உறுதி சொன்னாராம். தண்ணீரில் இறங்கிப் படுத்தால் பலகையே கண்ணுக்குத் தெரியாமல் அமிழ்ந்துவிடுகிறது. எழுந்து நிற்பது இருக்கட்டும், கைகளால் தள்ளிக்கொண்டு பத்தடி போவதே பெரும்பாடாக இருக்கிறது. பக்கத்தில் இருந்த ஓர் இளைஞர், "முதலில் பதினைந்து கிலோ குறையுங்கள், அப்புறம் வாருங்கள்" என்றிருக்கிறார்.

அவர் கேட்பவை இவை: எடையைக் குறைத்த பிறகுதான் கற்க வேண்டுமா? ஒருவர் 7 அடி போதும் என்கிறார், இன்னொருவர் 10 அடிக்குக் குறையக் கூடாது என்கிறார், எதைக் கேட்பது? தன் எடைக்குப் பலகை உடைந்துவிடாதா? கடைசியாக, பலர் பார்க்கக் கற்பதற்குக் கூச்சமாக இருப்பதால் தேவனாம்பட்டினத்தில் விடியற்காலையில் தனியாகப் பழகலாமா? "சிறு வயதில் கிணற்றில் நீந்தியவன்தான், காலில் கயிறும் கட்டியிருக்கும், பயமில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் அமிழ்ந்துபோனதற்குக் காரணம் பலகை. அதே பலகையில் புதிதாகக் கற்க வரும் 65 கிலோ இளைஞரைப் படுக்க வைத்தாலும் அவரும் பாதி தண்ணீருக்குள்தான் இருப்பார். எடையைக் குறைப்பது உங்கள் ரத்த அழுத்தத்துக்கு நல்லது, அதை உங்கள் மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். ஆனால் அலைச்சறுக்கு கற்க அது முன்நிபந்தனை ஆகாது. 104 கிலோவோடு இந்த மாதமே தொடங்கலாம். யாரோ கரையில் நின்று சொன்ன ஒரு வாக்கியத்துக்காக உங்கள் மகளோடு கடலில் இருக்க வேண்டிய ஓராண்டை இழக்காதீர்கள். எடை கூடியவர்களைப் பார்த்து இப்படிச் சொல்வது எனக்குச் சிறிதும் பிடிக்காத வழக்கம். ஆளுக்கு ஏற்ற பலகையைத் தேடிக் கொடுப்பதுதான் கற்றுத்தருபவரின் முதல் வேலை.

அடியைப் பிறகு பாருங்கள், முதலில் லிட்டர்

நீங்கள் கேட்ட இருவருமே நீளத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மிதப்பதைத் தீர்மானிப்பது பலகையின் கன அளவு. நீளம், அகலம், தடிமன் மூன்றும் சேர்ந்ததுதான் அது. இன்று பெரும்பாலான பலகைகளில் அடிப்பக்கத்திலோ நடுக்கோட்டுக்குப் பக்கத்திலோ அளவுகளோடு லிட்டர் கணக்கும் எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் மூன்று அளவுகளையும் அங்குலத்தில் பெருக்கி 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கற்பவர்களுக்கான அகன்ற பலகைகளுக்கு இது ஏறக்குறையச் சரியாக வரும். முனை கூரான குட்டைப் பலகைகளுக்குச் சில லிட்டர் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். கடல் நீர் ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதல். ஆகவே முழுவதும் அமிழ்ந்த பலகை, தன் லிட்டர் அளவுக்கு ஏறக்குறைய அத்தனை கிலோவை மேலே தள்ளும். அதில் பலகையின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுக்கு. நீங்கள் வாங்கிய 6 அடி 2 அங்குலப் பலகை 30 லிட்டரை ஒட்டியது. அதன் எடை 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் உங்களுக்குக் கிடைக்கும் தாங்கல் 28 கிலோ. உங்கள் உடலில் மீதி 76 கிலோவும் தண்ணீருக்குள் இருந்துதான் ஆக வேண்டும். மார்பு, வயிறு, தொடை எல்லாம் நீரில் இழுபடும்போது கையால் எவ்வளவு தள்ளினாலும் நகராது. உங்கள் தோளில் வலு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பலகையில் யாருடைய தோளும் தோற்றுத்தான் போகும்.

அதே கணக்கை 9 அடி நீளம், 24 அங்குல அகலம், மூன்றரை அங்குலத் தடிமன் கொண்ட பலகைக்குப் போட்டால் 90 லிட்டர் வருகிறது. பலகையின் எடை 8 கிலோ போனாலும் 84 கிலோ தாங்கல் இருக்கிறது. உங்கள் உடலில் இருபது கிலோ அளவுதான் நீரில் இருக்கும். கைகளும் கால்களும் எப்படியும் நீரில் கிடப்பவைதானே. இப்போது பலகை நகரும், அலை வந்து தொட்டதும் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்.

நீங்கள் யூடியூபில் பார்த்த வெளிநாட்டு வீரர்கள் தங்கள் எடையில் பாதிகூட இல்லாத லிட்டர் அளவில் எப்படிச் சறுக்குகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பலகை வேகம் எடுத்துவிட்டால் நீர்ப்பரப்பு அதை அடியிலிருந்து தூக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு கன அளவின் தேவை குறைந்துவிடுகிறது. அவர்கள் செங்குத்தான, வேகமான அலையில் சரியான நொடியில் ஏறி அந்த வேகத்தை உடனே பெற்றுவிடுகிறார்கள். கற்பவருக்கு அந்த வேகம் வருவதற்கு முன்புதான் எல்லாத் தொல்லையும். படுத்துத் தள்ளும்போதும், எழும் அந்த இரண்டு நொடியிலும் உங்களைத் தாங்க வேண்டியது லிட்டர்தான். கற்கும் காலத்தில் ஒருவருடைய கிலோ எடையில் 85 முதல் 100 விழுக்காடு வரை லிட்டர் இருக்கட்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. உங்களுக்கு அது 88-க்கும் 104-க்கும் இடையே வருகிறது.

7 அடியா, 10 அடியா?

7 அடி வேண்டாம். கற்பவர்களுக்கான, மேற்புறம் மென்மையான நுரைப் பலகையாக இருந்தாலும் 7 அடியில் 55 லிட்டரைச் சுற்றித்தான் கிடைக்கும். உங்கள் எடையில் அது பாதி.

10 அடி கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம் கரைக்கு அது முதல் தேர்வு ஆகாது. மிதப்பும் வேகமும் அதில் தாராளமாகக் கிடைக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் கரையின் சரிவு அதிகம். ஆழ்ந்த இடத்திலிருந்து வரும் அலை கரைக்கு மிக அருகில் வந்து சட்டென்று எழுந்து, பல நாட்களில் ஒரே கோடாக மொத்தமாகக் கவிழ்கிறது. நீண்டு சாய்ந்த அலைமுகம் கிடைப்பது அரிது. இப்படிப்பட்ட அலையில் பலகை எவ்வளவு நீண்டு நேராக இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக அதன் மூக்கு, அதாவது முன்முனை, அடியில் குத்திக்கொள்ளும். பின்பக்கத்தை அலை தூக்க, முன்பக்கம் பள்ளத்தில் இறங்க, நீங்கள் தலைக்குப்புறப் போவீர்கள். மூன்று மீட்டருக்கு மேல் நீளமான பலகை நுரையில் கட்டறுந்து உருண்டு வரும்போது அடுத்தவர் மேலும் மோதும், உங்கள் மேலும் மோதும்.

ஆகவே என் பரிந்துரை: 9 அடி முதல் 9 அடி 6 அங்குலம் வரை. அகலம் 23-க்குக் குறையாமல், முடிந்தால் 24 அங்குலம். தடிமன் மூன்றேகாலுக்கும் மூன்றரைக்கும் இடையே. மூக்குப் பக்கம் கொஞ்சமாவது மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். பலகையைத் தரையில் குப்புறப் போடாமல் அடிப்பக்கம் கீழாக வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் வளைவு தெரியும். 9 அடி என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். அனுபவசாலிகளுக்கென்று மெலிதாகச் செய்த 9 அடிப் பலகைகள் 60 லிட்டரை ஒட்டியும் வருகின்றன. உங்களுக்கு அது போதாது.

ஒரு சின்ன இடையூறையும் சொல்லிவிடுகிறேன். 24 அங்குல அகலத்தைப் பலரால் கையிடுக்கில் பிடிக்க முடியாது. தலைமேல் வைத்துத் தூக்கலாம், அல்லது மூக்கை ஒருவரும் வாலை ஒருவருமாகப் பிடித்துக்கொள்ளலாம். உங்களுக்கு வீட்டிலேயே துணை இருக்கிறது.

உடையுமா?

கரையில் நின்று பார்ப்பவர்கள் நினைப்பதுபோல, மேலே படுத்த ஆளின் எடையால் பலகை உடைவதில்லை. எடை நீளம் முழுக்கப் பரவி, அடியில் தண்ணீர் தாங்கி நிற்கிறது. பலகை உடைவது பெரும்பாலும் கவிழும் அலை அதன் நடுவில் விழும்போது, அல்லது அலையோடு வந்து மணலில் மூக்கு குத்தும்போது. முழங்கால் ஆழத்தில் பலகைமேல் குதித்து ஏறும் வழக்கமும் அதைக் கெடுக்கும். உங்கள் எடைக்குக் கவனிக்க வேண்டியது உள்ளே நீளவாக்கில் ஓடும் மரச்சட்டம். நுரைப் பலகையில் அது இரண்டு அல்லது மூன்று இருந்தால் நல்லது. சட்டமே இல்லாத மலிவுப் பலகை உங்கள் எடையில் நடுவில் வளைந்து வேகத்தைத் தின்னும், சீக்கிரம் மடியவும் செய்யும்.

முதல் ஆண்டுக்கு மேற்புறம் மென்மையான நுரைப் பலகைதான் வேண்டும். கண்ணாடியிழைப் பலகையின் விளிம்பு விலா எலும்பில் பட்டால் வாரக்கணக்கில் இரும முடியாது. உடனே வாங்கவும் வேண்டாம். பயிற்சி தரும் இடங்களில் இந்த அளவுப் பலகைகளை வைத்திருப்பார்கள். போகும் முன் தொலைபேசியில், "என் எடை 104 கிலோ, 90 லிட்டர் பலகை இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதிலும் எண்ணாக வரும். கடலூரிலிருந்து 9 அடிப் பலகையை பஸ்ஸில் கொண்டுவர முடியாது என்பதையும் யோசியுங்கள்.

பிறகு பழைய பலகை வாங்க நேர்ந்தால் கட்டைவிரலால் மேற்புறம் முழுக்க அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் விரல் உள்வாங்கினால் அங்கே தோல் நுரையிலிருந்து பிரிந்திருக்கிறது. வெயிலில் காருக்குள் கிடந்த பலகைகளில் இதைப் பார்க்கலாம். நடுப்பகுதியில் குறுக்கே மயிரிழை போன்ற கோடு மேலும் கீழும் ஒரே இடத்தில் ஓடினால், அது ஒருமுறை மடிந்த பலகை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதன் அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

காலில் கட்டும் கயிறு பலகையின் நீளத்துக்குச் சமமாக, 9 அடி இருக்க வேண்டும். உங்கள் எடைக்கு 7 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். பலகைக்கு மெழுகு தேவைப்பட்டால் வெப்பக் கடலுக்கென்று விற்பதை வாங்குங்கள், மற்றவை நம் வெயிலில் உருகி வழியும்.

தனியாக வேண்டாம்

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது இந்தப் பகுதிதான். கிணற்றில் நீந்தியவருக்குப் பயம் இருக்காது, அது நல்ல மூலதனம். ஆனால் கிணற்று நீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் உங்களை நகர்த்திக்கொண்டே இருக்கும், அதுவும் நீங்கள் மூச்சு வாங்கும் நேரத்தில். காலில் கட்டிய கயிறு பலகை ஓடிவிடாமல் இருப்பதற்காக. அது அறுந்துபோகும் பொருள். அறுந்த பிறகு கரைவரை நீந்திவர முடியுமா என்பதுதான் கேள்வி. நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், சில நிமிடம் கால் ஊன்றாமல் மிதக்கவும் முடியாதவரை இடுப்பளவு நீரைத் தாண்டாதீர்கள்.

தேவனாம்பட்டினம் அழகான நீண்ட மணற்கரை. ஆனால் அதன் அருகில்தான் கெடிலம் கடலில் சேருகிறது. வடக்கே தாழங்குடா பக்கம் தென்பெண்ணை. ஆற்று வாய்களில் நீரோட்டமும் மணல்மேடும் மழைக்கு மழை மாறும். நேற்று நின்ற இடத்தில் இன்று பள்ளம் இருக்கும். விடியற்காலையில் அங்கே தனியாக இறங்கினால் உங்களைப் பார்க்க யாரும் இல்லை என்பது உங்களுக்கு வசதியாகத் தெரிகிறது. எனக்கு அதுதான் ஆபத்தாகத் தெரிகிறது. படகு இறக்கும் நேரமும் அதுவே. அங்கே போனாலும் மீனவர்களிடம் கேட்டு, படகுக்கும் வலைக்கும் வழிவிட்டு நில்லுங்கள்.

புதுச்சேரியிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச்சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டதால் வடக்குக் கரைகள் அரிக்கப்பட்டு, பல இடங்களில் கல் கொட்ட வேண்டியதாயிற்று. தந்திராயன்குப்பம் பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல்வரிசைகள் அந்த வரலாற்றின் மிச்சம். கற்களை ஒட்டி நீர் கடலை நோக்கித் திரும்பி ஓடும். பயிற்சியாளர் காட்டும் எல்லைக்குள் மட்டும் இருங்கள். இழுவையில் சிக்கினால் பலகையை விடாமல் அதன்மேல் படுத்து, கையை உயர்த்துங்கள். உங்களுக்கு 90 லிட்டர் கொடுக்கச் சொல்வதில் இந்த நன்மையும் இருக்கிறது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிற நாட்களில் கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயில் மாதங்களில் காலை நேரம்தான் தோது. பிற்பகலில் கடற்காற்று எழுந்து அலையைக் குலைத்துவிடும்.

பெரிய ஆளுக்குப் பெரிய அலை வேண்டும் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தவறு. லிட்டர் சரியாக இருந்தால் இடுப்பளவு நீரில் உடைந்து வரும் முழங்கால் உயர நுரையலையே உங்களை வேகமாகக் கொண்டுபோகும். முதல் சில வாரங்கள் அதிலேயே இருங்கள்.

உடலைப் பற்றி

ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம். "மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி, பத்துப் பதினைந்து நொடி மூச்சை அடக்க நேரலாம்" என்று விவரமாகவே சொல்லுங்கள். சில மாத்திரைகள் இதயத் துடிப்பைக் கட்டுக்குள் வைப்பவை. நீங்கள் சீக்கிரம் களைத்துப்போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது. மார்பு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அன்று அதோடு கரைக்கு வாருங்கள்.

பலகையில் படுக்கும்போது பலகையின் மூக்கு நீருக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் தெரிய வேண்டும். அதற்கு மேல் தூக்கி நின்றால் பின்னால் படுத்திருக்கிறீர்கள், பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். மூக்கு நீருக்குள் போனால் முன்னால் இருக்கிறீர்கள். சரியான இடம் கிடைத்ததும் உங்கள் மோவாய் வரும் இடத்தில் ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுவதில் வயிறு இடைஞ்சலாக இருக்கிறது என்று தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். ஒரே தாவலில் எழ வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கைகளை விலாவின் கீழ்ப்பகுதிக்குப் பக்கத்தில், பலகையின்மேல் தட்டையாக ஊன்றுங்கள், விளிம்பைப் பிடிக்காதீர்கள். மார்பை உயர்த்தி, பின்கால் முழங்காலை ஊன்றி, முன்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவந்து, பிறகு எழுங்கள். முழங்கால் ஊன்றுவது கெட்ட பழக்கம் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வார்கள். 24 அங்குல அகலம் இருக்கும்போது உங்களுக்கு அதற்கு நேரமும் இடமும் இருக்கின்றன, நான் தடுக்க மாட்டேன். வீட்டில் பாயின்மேல் 24 அங்குல இடைவெளியில் இரண்டு கோடு ஒட்டி, இரவு ஷிப்ட் இல்லாத நாட்களில் பழகுங்கள். விழும்போது தலைக்குப்புறப் பாயாமல் பக்கவாட்டில், தட்டையாக விழுங்கள். நம் கரையில் மணல் மிக அருகில் இருக்கிறது. மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். பலகைக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். அலை தள்ளினால் அது உங்கள் முழங்காலைத்தான் தேடி வரும்.

நன்றாகப் பழகிய பிறகு பலகையைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டால், அவசரப்பட வேண்டாம் என்பேன். நுரைப் பலகையிலிருந்து கண்ணாடியிழைக்கு மாறும்போது 9 அடி 4 அங்குலம், 80 லிட்டர் வரை வரலாம். நீளப் பலகையில் சறுக்குவது தனக்கென்று அழகும் போட்டிப் பிரிவும் கொண்ட முழுமையான விளையாட்டு. வாழ்நாள் முழுவதும் அதிலேயே இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

கடைசியாக, 14,000 ரூபாய்ப் பலகை. விற்றவரோடு சண்டை போட வேண்டாம். தெரிந்தவரிடம் பழையதாக வாங்கியது, திருப்பித் தரச் சொல்லிப் பாருங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். பலகையில் மடிப்போ தண்ணீரோ இல்லை என்றால் விற்கவும் அவசரம் வேண்டாம். உங்கள் மகளின் எடைக்கு 30 லிட்டர் கிட்டத்தட்டப் பொருந்தும். அகலம் குறைவு, மூக்கும் கூர் என்பதால் இப்போது கொடுக்காதீர்கள். உடையாத அலையில் அவள் தானாக ஏறி, இடமும் வலமும் திரும்பக் கற்ற பிறகு, மூக்கில் ரப்பர் காப்பு ஒட்டிக் கொடுங்கள். அதுவரை வெயில் படாத இடத்தில், உறையில் போட்டு வையுங்கள்.